காசு கொடுத்து மூச்சு வாங்கிய கதை

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முட்டி வலி தேவலையா?

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "ஏன்டா மாப்ள, ஏதோ மலை மேல நிக்கிற போட்டோ போட்ருக்க. ஒரே மொட்டப் பாறையா இருக்கு, கோயிலையே காணோம். அங்க என்ன சாமி? எதுக்கு ஏறுன?" என்று கேட்டிருந்தீர்கள். போகிற போக்கில் போனில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. அதனால்தான் கடிதம். சாவகாசமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். அத்தைக்கும் வாசித்துக் காட்டுங்கள். கரடி வருகிற இடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள்.

நான் இருக்கும் வர்ஜீனியாவில் ப்ளூ ரிட்ஜ் என்று ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அதில் ஷெனன்டோவா என்ற தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் ராஜாஜி பூங்காவை நினைத்துவிடாதீர்கள், இது முழுக்கக் காடு. அதன் கிழக்கு ஓரத்தில் ஓல்ட் ராக் என்று ஒரு மலை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. உயரம் 3,284 அடி. கொடைக்கானலில் பாதிகூட வராது. ஆனால் அந்தப் பூங்காவிலேயே அதிகம் பேர் ஏறுவதும் இதில்தான், அதிகம் பேர் அடிபடுவதும் இதில்தான் என்று பூங்காக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதி வைத்தால் கூட்டம் குறையும் என்று நினைத்தார்களோ என்னவோ! நம் ஊரில் 'சேட்டைக்காரக் காளை' என்று அறிவித்தால் எத்தனை பேர் வாடிவாசல் முன்னால் வந்து நிற்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நீங்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருப்பரங்குன்றம் கிரிவலம் போகிறீர்கள். மலை நடுவில் இருக்கிறது, நீங்கள் சுற்றி வருகிறீர்கள். நீங்களும் அதைத் தொந்தரவு செய்வதில்லை, அதுவும் உங்களைத் தொந்தரவு செய்வதில்லை. முடிந்ததும் ஒரு டீ. இந்த ஊர்க்காரர்களும் புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேர்கிறவர்கள்தான். ஆனால் சுற்றுகிற வழியிலேயே உச்சியையும் சேர்த்துவிட்டார்கள். ஒரு பக்கம் ஏறி, உச்சியைத் தொட்டு, மறுபக்கம் இறங்கி, வண்டி நிறுத்திய இடத்துக்கு வர வேண்டும். மொத்தம் 9.4 மைல், நம் கணக்கில் பதினைந்து கிலோமீட்டர். ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள்.

இதற்கு டிக்கெட் வேறு. சிரிக்காதீர்கள். நாங்கள் போனபோது, மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை இந்த மலையில் ஏற ஆளுக்கு 2 டாலர். 2022-இல் இந்த ஏற்பாடு வந்தது. ஒரு நாளைக்கு 800 பேர்தான். அதில் பாதி டிக்கெட்டை முப்பது நாள் முன்பும், மீதியை ஐந்து நாள் முன்பும் இணையத்தில் திறந்தார்கள். அக்டோபரில் இலையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகிற சீசன், அதனால் சனி ஞாயிறு டிக்கெட் திறந்த சூட்டோடு காலி. கூட வர இருந்த நண்பர்களெல்லாம் கிடைக்கவில்லை என்று புலம்பினார்கள். தீபாவளிக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் தத்கால் எடுத்துப் பழகிய விரல் மாமா இது. எங்கள் கூட்டம் மொத்தத்துக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அடிவாரத்தில் போன் சிக்னல் இருக்காது என்றார்கள், அதனால் காகிதத்தில் அச்சடித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அமெரிக்காவுக்கு வந்த பிறகு காகித டிக்கெட்டை இத்தனை பக்தியோடு வைத்திருந்தது இதற்குத்தான்.

எங்கள் கூட்டத்தில் திருமங்கலத்துக்காரர் ஒருவர், காரைக்குடித் தம்பதி, திருநெல்வேலிப் பையன் ஒருத்தன், நானும் உங்கள் மருமகளும். மலை ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப் குழு தொடங்கியாகிவிட்டது. அதில் பாதையைப் பற்றி ஒரு வரி இல்லை. புளியோதரையா எலுமிச்சை சாதமா என்பதுதான் விவாதம். காரைக்குடி அக்கா கடைசி வரை பணியாரத்துக்கு வாதாடினார். "சட்னியை யார் தூக்குவது?" என்று அவர் வீட்டுக்கார அண்ணன் கேட்ட பிறகுதான் ஓய்ந்தார்.

ஆயத்தம் பெரிய ஆயத்தம். மலையேறும் சாமான்களுக்கென்றே இங்கே தனிக் கடைகள் இருக்கின்றன. கணுக்கால் வரை மூடுகிற பூட்ஸ், வியர்வையை உறிஞ்சுகிற சட்டை, முதுகுப் பைக்குள் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். அப்புறம் கைத்தடி. ஒன்று இல்லை, இரண்டு. விற்கிற பையன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனான். இது இல்லாமல் போனால் முழங்கால் போய்விடும், அது இல்லாமல் போனால் இடுப்பு போய்விடும் என்கிறான். பில்லைப் பார்த்தபோது போனது வேறு. கீழக்குயில்குடி அய்யனார் கோயிலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு சமணர் மலையில் ஆடு தேடி ஏறுகிற கிழவியை நினைத்துக்கொண்டேன். அவளிடம் இந்தத் தடிகளின் விலையைச் சொன்னால் ஆட்டை விட்டுவிட்டு என்னைத்தான் விரட்டுவாள்.

விடியுமுன் கிளம்பி இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனோம். வாசலில் டிக்கெட் பரிசோதகர், முகத்தில் சிரிப்பு. டிக்கெட்டோடு, பூங்காவுக்கே நுழைவுக் கட்டணம் தனியாக உண்டு, வண்டிக்கு 30 டாலர். 'மலை ஏற இவ்வளவு காசா?' என்று நீங்கள் வாய் திறக்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் தமிழக அரசும் 2024 அக்டோபரில் 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போகிற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. காசு கொடுத்து மூச்சு வாங்குகிற பழக்கம் நம் பக்கமும் வந்தாயிற்று.

பாதை முதலில் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. ஓக் மரக் காடு. மரத்துக்கு மரம் நீலக் கோடு போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தப்பாது. எதிரில் வருகிறவர், முந்திப் போகிறவர் எல்லாரும் காலை வணக்கம் சொல்கிறார்கள். எனக்கோ மூச்சே மிச்சமில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி, சிவப்புத் தொப்பி, எங்களைத் தாண்டிப் போனார். போனவர் நின்று திரும்பி, திருமங்கலத்துக்காரரைப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அதிலிருந்து நம்மவர் ஏறும் வழி நெடுகப் பேசவே இல்லை.

இந்தச் சுற்றில் ஒரு வித்தியாசம் கவனித்தேன். சதுரகிரி ஏறும்போது எதிரே இறங்கி வருகிறவர்களிடம் "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று கேட்போம். அவர்களும் "இந்தா வந்திருச்சு, ஏறுங்க" என்பார்கள். அது சுத்தப் பொய் என்று கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் தாணிப்பாறையிலிருந்து சுந்தர மகாலிங்கம் சன்னிதி வரை போகிறோம். இங்கே பாறைப் பகுதி நெருங்க நெருங்க எல்லாரும் ஒரே திசைதான். இறங்குவதற்கு மறுபக்கம் வழி இருப்பதால் எதிரே வர ஆளில்லை. ஆறுதல் பொய் சொல்ல ஒருவர்கூட இல்லாத மலை! அந்தக் குறையை மலையே தீர்த்து வைத்தது. உச்சி தெரிகிறது என்று நம்பி ஏறினால் அது உச்சி இல்லை, பின்னால் இன்னொன்று. அதில் ஏறினால் அதற்கும் பின்னால் ஒன்று. திருநெல்வேலிப் பையன் "ஏலே, இது எத்தனாவது உச்சிலே?" என்று பாறையைப் பார்த்தே கேட்டான்.

இனி பாறை. அத்தைக்கு வாசிக்கும்போது இதையும் கொஞ்சம் வேகமாக வாசித்துவிடுங்கள். ஒரு மைல் தூரத்துக்குப் பாதை என்று எதுவும் இல்லை. வீடு வீடாகக் கிரானைட் குண்டுகள். நீல அம்புக்குறி காட்டுகிற பக்கம் கையை ஊன்றி, காலைத் தூக்கி, வயிற்றை எக்கி ஏற வேண்டும். ஒரு இடத்தில் இரண்டு பாறைக்கு நடுவே ஒரு சந்து. எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் கூட்டத்துக்குள் ஒருக்களித்து நுழைவது போலத்தான் அதில் நுழைய முடியும். முதுகுப் பை முன்னால், நான் பின்னால். எனக்கு முன்னே ஒரு வெள்ளைக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டார். முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் நான் தள்ள, ஜாதி மதம் தேசம் பாராமல் அவரை வெளியே எடுத்தோம். வாங்கிய இரண்டு கைத்தடியும் இந்த இடத்தில் சுத்தமாக உதவவில்லை. கை இரண்டும் பாறைக்கு வேண்டியிருந்ததால் தடிக்குக் கை இல்லை.

அதைத் தாண்டினால் ஒரு அதிசயம் மாமா. இரு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் படிக்கட்டு, தலைக்கு மேலே சுவர்களுக்கிடையில் ஒரு குண்டுப் பாறை சிக்கிக்கொண்டு நிற்கிறது. யாரும் செதுக்கியதில்லை. இந்தக் கிரானைட்டுக்கு வயது நூறு கோடி ஆண்டுக்கு மேல். பிற்பாடு எப்போதோ அதில் விரிசல் விட்டு, அந்த விரிசல் வழியே எரிமலைக் குழம்பு பாய்ந்து உறைந்திருக்கிறது. கிரானைட் கெட்டி, உறைந்த குழம்போ சீக்கிரம் சிதைகிற ஜாதி. மழையும் பனியும் அதை மட்டும் அரித்துத் தின்றதில் சுவர் இரண்டும் நிற்க, நடுவில் படிக்கட்டு மிஞ்சியிருக்கிறது. டெண்டர் விடாமல், கமிஷன் இல்லாமல் கட்டி முடித்த படிக்கட்டு.

ஒரு வழியாக உச்சி. இந்தத் தடவை அசல் உச்சி. மேற்கே ப்ளூ ரிட்ஜ் மலைகள் அடுக்கடுக்காக, கிழக்கே சமவெளி. காடு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் காவியும். பாறைத் தலையில் அங்கங்கே வட்டமாகக் குழி விழுந்து, அதில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. நம் ஊரென்றால் சுனை என்று சொல்லி, அதற்கொரு தலபுராணம் எழுதி, பக்கத்தில் பாட்டிலில் தீர்த்தம் விற்றிருப்போம். இங்கே சும்மா கிடக்கிறது.

சாமி என்ன என்று கேட்டீர்களே, சாமி இல்லை மாமா. கோயில் இல்லை, உண்டியல் இல்லை, பொரிகடலைக் கடை இல்லை, டீ இல்லை, அழகர்மலையில் பையைப் பிடுங்குகிற குரங்குகூட இல்லை. ஏறி வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்து, ரொட்டியைத் தின்றுகொண்டு, எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமி இல்லாத இடத்தில் காரைக்குடி அக்காவுக்குக் கை ஓடவில்லை. பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து எல்லார் நெற்றியிலும் பூசிவிட்டார். சூடம் ஏற்றலாமா என்று கேட்டவரைத் தடுத்துவிட்டோம், காட்டில் நெருப்பு கூடாது. புளியோதரையைப் பிரித்ததும், பெருங்காய வாசனை காற்றில் போனதும், சந்தில் சிக்கிய அந்த வெள்ளைக்காரர் தேடிக்கொண்டு வந்துவிட்டார். தள்ளிவிட்ட பாசம்! ஒரு கரண்டி வைத்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது. காரமா, ருசியா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

சாப்பிட்ட இடத்தில் ஒரு கறிவேப்பிலை இருக்கக் கூடாது. என்ன கொண்டுபோனோமோ அத்தனையையும் திரும்பக் கீழே கொண்டுவர வேண்டும், ஆரஞ்சுத் தோல் உள்பட. அவசரம் என்றால்கூடப் பாதையை விட்டுத் தள்ளிப்போய் அரை அடிக்கு மேல் குழி தோண்டி மூட வேண்டும் என்று விதி இருக்கிறது. மீதத்தை அங்கேயே போட்டால் கரடி வாசம் பிடித்து வரும். கறுப்புக் கரடிகள் இந்தக் காட்டில் நிறைய. நாங்கள் போன அன்று ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலும் பணியாரத்தைக் கொண்டுவராத எங்களிடம் அதற்கு என்ன வேலை?

இறங்குவது வேறு பக்கம், சேடில் பாதை. சரிவு மெதுவாக இருக்கும், கடைசியில் அகலமான ஒரு மண் சாலை. அங்கே ஒரு முக்கில் திருமங்கலத்துக்காரர் முதல்முறையாக வாய் திறந்தார். "இங்கே முன்பு தபால் ஆபீஸ் இருந்ததாம்." சுற்றிப் பார்த்தோம், வெறும் மரம். பிறகு வீட்டுக்கு வந்து படித்தேன். ஓல்ட் ராக் என்ற பெயரில் ஒரு ஊரே அங்கே இருந்திருக்கிறது. வீடுகள், பள்ளிக்கூடம், சர்ச், தபால் ஆபீஸ். தேசியப் பூங்கா வேண்டும் என்பதற்காக வர்ஜீனியா அரசு 1928-இல் ஒரு சட்டம் போட்டு மலைக்காரர்களின் நிலத்தைக் கையகப்படுத்தியது. பூங்கா 1935 டிசம்பரில் அமைந்தது. பூங்கா முழுவதும் சேர்த்து ஐந்நூறு குடும்பங்கள் போல வெளியேற வேண்டியிருந்தது. மனதாரப் போனவர்களும் உண்டு, வலுக்கட்டாயமாகத் தூக்கி வெளியே போடப்பட்டவர்களும் உண்டு. நாங்கள் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்த அந்த அமைதி, ஆளை எடுத்துவிட்டு உண்டாக்கிய அமைதி.

நம் மதுரையைச் சுற்றியிருக்கிற மலைகள் வேறு ரகம். யானைமலை, நாகமலை, பசுமலை, சமணர் மலை, அழகர்மலை, எதை எடுத்தாலும் ஆள் இல்லாமல் இல்லை. குகையில் சமணத் துறவி படுத்த கற்படுக்கை, அதே மலை அடிவாரத்தில் அய்யனார், பக்கத்தில் தாமரைக் குளம், குளக்கரையில் ஆடு. யானைமலை நரசிங்கத்தில் பாண்டியனின் மந்திரி மாறங்காரி கி.பி. 770 வாக்கில் மலையைக் குடைந்து கோயில் எடுக்க ஆரம்பித்தான். முடிப்பதற்குள் காலமாகிவிட்டான், தம்பி மாறன் எயினன் முடித்துவைத்தான். அண்ணன் தம்பி ஒத்துப்போனதற்குக் கல்வெட்டு ஆதாரத்தோடு நமக்கு இருக்கிற ஒரு சாட்சி அது. பெரியப்பாவிடமும் சித்தப்பாவிடமும் காட்டலாம்.

அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள், மீனாட்சிபுரம் உள்பட 193.42 ஹெக்டேர். ஏழு குன்று, சுனைகள், சுமார் 250 வகைப் பறவை, அதில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும். கூடவே தமிழ் பிராமிக் கல்வெட்டு, குடைவரைச் சிவன், அதற்குப் பூசை, வயலுக்குத் தண்ணீர். ஊரைக் காலி பண்ணிவிட்டு யாரும் அதைக் காப்பாற்றவில்லை. ஊர் இருந்ததால்தான் அது தப்பித்தது. 2024 நவம்பரில் அந்தப் பக்கத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது மேலூர் வட்டாரம் பொங்கி எழுந்தது. டிசம்பரில் சட்டசபைத் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் ஊர்வலம். ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது.

அந்த ஊர்வலத்தில் நீங்களும் இருந்தீர்கள். மறைக்க வேண்டாம், மேலூர்ச் சம்பந்தி எனக்குப் படம் அனுப்பினார். மாடியில் காய்ந்த துணியை எடுக்கச் சொன்னால் முட்டியைப் பிடித்துக்கொள்கிற நீங்கள், தோளில் துண்டோடு, கிட்டத்தட்ட நான் நடந்த அதே தூரத்தை வெயிலில் நடந்திருக்கிறீர்கள். டிக்கெட் எடுக்காமல், பூட்ஸ் போடாமல், உச்சியிலிருந்து எதையும் பார்க்காமல். நீங்கள் ஒரு நாளும் ஏறிப் பார்க்காத குன்று அது. எதற்கு நடந்தீர்கள் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. ஆகவே எதற்கு ஏறினாய் என்று நீங்களும் கேட்கக் கூடாது. கணக்கு நேராகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறோம். இந்தத் தடவை அலங்காநல்லூர் உண்டு, ஜிகர்தண்டா உண்டு, மீனாட்சி கோயில் உண்டு. அதற்கு நடுவில் ஒரு விடிகாலை அரிட்டாபட்டியை வைத்துக்கொள்வோம். வெயில் வருமுன் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். ஊர்க்காரர் யாரையாவது வழிகாட்டச் சொல்லுங்கள், வல்லூறு எந்தப் பாறையில் உட்காரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். புளியோதரை அத்தை பொறுப்பு. வாழை இலையையும் கட்டுச்சோற்று நாரையும்கூடத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். அன்றைக்குச் சொன்னால் "அமெரிக்கா போயி நல்லா குப்பை பொறுக்கக் கத்துக்கிட்டு வந்திருக்கான்" என்பார்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் அன்பு மருமகன்.

பி.கு.: உங்கள் பாத அளவு எட்டா, ஒன்பதா? அத்தைக்குத் தெரியாமல் குரல் பதிவில் சொல்லுங்கள். பூட்ஸ் வேண்டாம் என்பீர்கள், அதனால்தான் வேண்டுமா என்று கேட்காமல் அளவை மட்டும் கேட்கிறேன். கைத்தடி இரண்டும் என்னுடையதே புத்தம் புதிதாக இருக்கிறது. ஒன்று உங்களுக்கு, ஒன்று அத்தைக்கு.